தாழ்கிடை ஆய்வில் உள்ளது

மாசிலாமணியின் வீடு அன்று காலையும் நான்கு விரற்கடை புதைந்திருந்தது. செம்பனிமேட்டில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. செவ்வாயின் அந்தச் சரிவில் மண் பாதி, பனிக்கட்டி பாதி. வீட்டுக்குள் மனிதர்கள் சோறு வடிக்கிறார்கள், வெந்நீர் வைக்கிறார்கள், தர்க்கம் பண்ணுகிறார்கள். அந்தச் சூட்டில் அடியில் இருக்கும் பனி இளகி, வீடு மெல்லப் புதைகிறது. ஆகவே செம்பனிமேட்டுக்காரர்கள் காலையில் எழுந்ததும், பல் துலக்குவதற்கு முன்னால், வீட்டைத் தூக்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு வீட்டின் அடியிலும் நான்கு கால்களோடு ஓர் ஏற்றி உண்டு. வாயால் சொன்னால் போதும், தூக்கிவிடும்.

சொல்வதில்தான் சங்கடம். கண்டபடி சொன்னால் தூக்காது.

“ஏற்றியே, நம் இல்லம் நான்கு விரற்கடை புதைந்துள்ளது. உயர்த்துக,” என்றார் மாசிலாமணி.

“சொல் ஏற்கப்பட்டது,” என்றது ஏற்றி. வீடு முனகிக்கொண்டே எழுந்தது.

மாசிலாமணிக்கு வயது ஐம்பத்தேழு. செம்பனிமேட்டுச் சொல்லாக்கத் துறையின் தலைவர். பதினொரு வருடங்களுக்கு முன்னால் சொற்காப்புச் சட்டத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் அவர்தான். அவருடைய வாதம் எளிமையானது. மனிதர்களைத் திருத்த முடியாது. பூமியில் நூற்றாண்டுக் கணக்கில் முயன்று பார்த்தாயிற்று. இயந்திரங்களைத் திருத்தலாம். துறையின் நற்சொற்பட்டியலில் உள்ள சொற்கள் மட்டுமே இயந்திரத்துக்குப் புரியும் என்று வைத்துவிட்டால், வேறு வழியில்லாமல் மனிதர்களும் நல்ல தமிழ் பேசித்தானே ஆகவேண்டும்? வாதம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. நம்மவர்களுக்கு அடுத்தவனைத் திருத்தும் திட்டம் எதுவானாலும் பிடிக்கும்.

பட்டியலில் ஆறாயிரத்துச் சொச்சம் சொற்கள் மாசிலாமணி செய்தவை. அவற்றில் ஒன்றின்மேல் அவருக்குத் தனிப் பிரியம். தாழ்கிடை. ஒரு பொருள் இன்னொன்றுக்குக் கீழே கிடக்கிறது. ஆனால் நேர்கீழே இல்லை, சற்றுத் தள்ளி. மலையும் அடிவாரமும் மாதிரி. அடிவாரம் மலைக்குக் கீழேதான் இருக்கிறது; அதற்காக மலையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருக்கவில்லை. சரிவில் வீடு கட்டி வாழ்கிற ஊருக்கு இப்படி ஒரு சொல் அவசியம் என்று அவர் நினைத்தார். பட்டியலில் எடுத்துக்காட்டு வாக்கியமும் அவரே எழுதினார்: ‘என் மேசை அமைச்சரின் மேசைக்குத் தாழ்கிடையாக உள்ளது.’ உள்ளதைத்தான் எழுதியிருந்தார்.

வம்பு வந்தது புலவர் வச்சிரவேல் உருவத்தில். இவர் பட்டியல் மேற்பார்வைக் குழுவில் இன்னோர் உறுப்பினர். ‘கீழ்க்கண்ட என்று எழுதுகிற கை தாழ்க்கிடை என்று எழுதக் கூசுவானேன்? நடுவில் க் எங்கே போயிற்று?’ என்று ஒரு கடிதம் போட்டார். மாசிலாமணி கொதித்துப்போனார். தாழ்கிடை வினைத்தொகை, வினைத்தொகையில் ஒற்று மிகாது, ஊறுகாயை ஊறுக்காய் என்று புலவர் வீட்டில் வேண்டுமானால் சொல்லிக்கொள்ளட்டும் என்று பதில் போட்டார். அதற்கு அவர் இருபது பக்கம். அதற்கு இவர் நாற்பது பக்கம். மூன்று வருடம் ஓடிவிட்டது. சண்டை முடியும்வரை அந்தச் சொல் ‘ஆய்வில் உள்ளது’. அது வருகிற தைரியத்தில் பக்கம், புறம், ஓரம் போன்ற பழைய சொற்களையும் அவர் பட்டியலிலிருந்து நீக்கியிருந்தார். ஆய்வில் உள்ள சொல்லை எந்த இயந்திரமும், எந்த நிலையிலும், அதன் உறுப்புகளைக்கூடத் தொடக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியதும் மாசிலாமணிதான். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை.

அவர் மனைவி ஜெயக்கொடி ஏற்றி மெக்கானிக். துறையின் பட்டியல்படி ‘ஏற்றிச் செப்பனர்’. அப்படி யாராவது கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள்.

“டீச்சர் வீட்டு ஏற்றியில ஒரு கால் சாயுதுங்க. பார்த்துட்டு வந்துடறேன்,” என்றாள் அன்று காலை, காப்புடையை மாட்டிக்கொண்டே.

“சரியாக எந்த இடத்தில்?”

“வீட்டுக்குக் கீழதான். கொஞ்சம் சைடுல.”

மாசிலாமணி பல்வலி வந்தவர்போல முகத்தைச் சுளித்தார். “அதற்கென்று ஒரு சொல் இருக்கிறது, ஜெயா.”

“இருக்கட்டுமே. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். அதை யாரு என்ன பண்ணப்போறா?”

அவர் அலுவலகம் போனார். புலவருக்கு அறுபது பக்கத்தில் ஒரு பதில் பாக்கி இருந்தது. முப்பத்தோராவது பக்கத்தில், புலவருடைய பாட்டனாரின் தமிழறிவைப் பற்றி நாகரிகமாக ஒரு வரி எழுதிக்கொண்டிருந்தபோது செவிமணி ஒலித்தது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் பதித்திருக்கும் பேசுகருவிதான் செவிமணி. ஏற்றிப் பணிமனை மேலாளர் காஜா மைதீன் பேசினார்.

“சார், பதறாதீங்க. அக்காவுக்கு ஒண்ணும் ஆகல. மண்ணு சரிஞ்சு உள்ள மாட்டிக்கிட்டாங்க.”

மாசிலாமணி பதறினார். “எங்கே? எப்படி? உயிரோடு இருக்கிறாளா?”

“பேசறாங்க சார். டீச்சர் வீட்டுக்கு அடியில குழி தோண்டி இறங்கினாங்க. பனி உடைஞ்சு, அப்படியே சரிவுல சறுக்கிக்கிட்டுப் போயி ஒரு பொந்துல கிடக்கறாங்க. இடுப்பு வரைக்கும் மண்ணு. காத்து ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு இருக்கு. மீட்பான் வந்து நிக்குது. நான் பார்த்துக்கறேன், நீங்க லைன்ல இருக்க வேண்டாம்.”

“என்ன பேச்சு இது? என் பெண்டாட்டி மண்ணுக்குள் கிடக்கிறாள், நான் இணைப்பில் இல்லாமல் எங்கே போவேன்? அவளையும் மீட்பானையும் சேர்த்து இணையுங்கள்!”

காஜா மைதீன் ஒரு பெருமூச்சு விட்டார். இணைத்தார்.

மீட்பான் என்பது ஆறு கைகளும் ஒரு துளைகோலும் உள்ள பெரிய இயந்திரம். கருங்கல்போல் இறுகிய அந்தப் பனிமண்ணை அதனால் மட்டுமே தோண்ட முடியும். மனிதர்கள் கடப்பாரை போட்டால் கடப்பாரைதான் வளையும். ஒரே குறை, மண்ணில் இரும்பு அதிகம் என்பதால் உள்ளே இருப்பது எதுவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருப்பவர்தான் இடம் சொல்லவேண்டும்.

“வணக்கம்,” என்றது மீட்பான். “சிக்கியவர் தம் இருப்பிடத்தை நற்சொற்களால் கூறுக.”

“கீழே இருக்கிறேன்,” என்றாள் ஜெயக்கொடி. குரல் கம்மியிருந்தது.

“கீழே என்பதற்கு நேர்கீழே என்பது பொருள். வீட்டைத் தூக்கி நடுவில் துளையிடுகிறேன்.”

“ஐயோ, வேண்டாம்!” என்று மாசிலாமணியும் ஜெயக்கொடியும் காஜா மைதீனும் ஒரே சமயத்தில் அலறினார்கள். ஒரு கால் சாய்ந்து நிற்கிற வீடு அது. நடுவில் துளைத்தால் மொத்தமாகச் சரிந்து அவள் தலைமேலேயே இறங்கிவிடும்.

மாசிலாமணிக்கு அந்த அவதியிலும் நெஞ்சுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. வீட்டுக்குக் கீழே; ஆனால் நேர்கீழே அல்ல. இந்த ஒரு கணத்துக்காகவே அவர் அந்தச் சொல்லைச் செய்துவைத்த மாதிரி இருந்தது. அந்த நேரத்தில் அப்படித் தோன்றியதற்கு அவர் பிற்பாடு பலமுறை வெட்கப்பட்டார்.

“தாழ்கிடை!” என்று கத்தினார். “அவள் வீட்டுக்குத் தாழ்கிடையாகக் கிடக்கிறாள்!”

“அச்சொல் ஆய்வில் உள்ளது,” என்றது மீட்பான்.

“நான் துறைத் தலைவர் சொல்கிறேன். ஏற்றுக்கொள்.”

“ஆய்வை முடித்துவைக்கும் உரிமை மேற்பார்வைக் குழுவுக்கு மட்டுமே உண்டு. விதி பதினேழு. இயற்றியவர், மாசிலாமணி.”

விதி பதினேழை மனசுக்குள் கெட்ட வார்த்தையால் திட்டினார் மாசிலாமணி. பட்டியலில் இல்லாத வார்த்தை. உடனே புலவர் வச்சிரவேலை இணைப்பில் கூப்பிட்டார். குழுவில் உறுப்பினர்கள் மூன்று பேர் இருக்கவேண்டும். மூன்றாவது இடம் நாலு வருடமாகக் காலி. அந்தப் பதவியை உறுப்பினர் என்பதா, உறுப்பாளர் என்பதா என்று முடிவாகவில்லை. ஆக, இருவரும் ஒத்துப்போனால்தான் தீர்மானம்.

“புலவரே, ஜெயா மண்ணுக்குள்ளே கிடக்கிறாள். அந்தச் சொல் வேண்டும். இப்பவே வேண்டும்.”

புலவர் கெட்டவர் இல்லை. ஜெயக்கொடி கையால் எத்தனையோ முறை சாப்பிட்டவர். அவர் வீட்டு ஏற்றியையும் அவள்தான் பார்க்கிறாள்.

“மாசிலாமணி, தங்கச்சி உயிரைவிடவா ஓர் ஒற்று பெரிசு? மூணு வருஷம் சண்டை போட்டது என் மூளைகெட்டதனம். மீட்பானே, கேட்டுக்கொள். நான் என் கருத்தைக் கைவிடுகிறேன். தாழ்கிடை. ஒற்று மிகாது!”

அதே விநாடியில், புலவர் என்ன சொல்கிறார் என்பதைக் காதில் வாங்காமல், மாசிலாமணியும் கத்திக்கொண்டிருந்தார்: “நான் தோற்றேன்! புலவர் சொன்னதே சரி! தாழ்க்கிடை! ஒற்று மிகும்!”

மீட்பான் இரண்டையும் பதிவுசெய்தது. “கருத்து வேறுபாடு நீடிக்கிறது. ஆய்வு தொடர்கிறது.”

“நீங்க சொன்னதேதான்யா!” என்றார் மாசிலாமணி.

“இல்லை, நீர் சொன்னதுதான்!” என்றார் புலவர்.

“நான் விட்டுக்கொடுக்கிறேன் என்கிறேனே!”

“எனக்காக நீர் விட்டுக்கொடுத்தால் இலக்கணம் என்ன ஆகும்? வினைத்தொகைதானே அது?”

“இத்தனை நாள் கழித்து இப்போதுதான் உமக்குத் தெரிகிறதா அது வினைத்தொகை என்று?”

சண்டை பழையபடி ஆரம்பித்துவிட்டது. கட்சி மட்டும் மாறியிருந்தது. இடையில் காஜா மைதீன் இருமுறை, “சார், டவர் சரியில்ல, ஒரு நிமிஷம் வெச்சிட்டுக் கூப்பிடுங்களேன்,” என்று நுழைந்து பார்த்தார். யாரும் கேட்கவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் முக்கால் மணியாயிற்று. முக்கால், அரையாயிற்று.

“என்னங்க,” என்றாள் ஜெயக்கொடி.

இரண்டு பெரியவர்களும் வாயை மூடினார்கள்.

“சொல்லு ஜெயா.”

“ஃபோனை வைங்க.”

மாசிலாமணிக்குக் கண் இருட்டியது. தான் சாவதை அவர் கேட்கவேண்டாம் என்று நினைக்கிறாள். முப்பது வருடமாக இப்படித்தான். அவருக்குக் காய்ச்சல் என்றால் ஊரைக் கூட்டுவாள், தனக்குக் காய்ச்சல் என்றால் சொல்லவே மாட்டாள். அவர் மேசைமேல் தலையை வைத்து அழுதார்.

“மாட்டேன் ஜெயா. உன்னைத் தனியா விடமாட்டேன். கடைசி வரைக்கும் லைன்லயே இருப்பேன்.”

“ஐயோ ராமா, நீங்க கடைசி வரைக்கும் இருந்தீங்கன்னா எனக்குக் கடைசிதான்! வைங்கங்கறேன்ல! காஜா தம்பி, நீயாவது சொல்லித் தொலையேன்.”

காஜா மைதீன் தொண்டையைச் செருமினார். சொல்லப்போவது அவருடைய வேலைக்கே உலை வைக்கக்கூடிய விஷயம். ஆனால் மண்ணுக்குள்ளே கிடப்பது பதினேழு வருடமாக அவரோடு வேலை பார்க்கிற பெண்.

“சார், கோவிச்சுக்கக் கூடாது. இந்த மிஷினுங்களுக்கு நம்ம பேச்சு எல்லாமே புரியும். சட்டம் வந்த மறுவாரமே உள்ள தனியா ஒரு வழக்குப்பை, நம்ம பேச்சுவழக்குச் சொல்லையெல்லாம் போட்டு, வெச்சுக் குடுத்துட்டோம். இல்லேன்னா ஊர்ல ஒரு வீடு நிக்காது சார். துறை ஆளுங்க யாராவது லைன்ல இருந்தா மட்டும் அது பட்டியல்படி பேசும். உங்க செவிமணி அடையாளம் அதுக்குத் தெரியும். நீங்க வெச்சீங்கன்னா, பத்தே நிமிஷத்துல அக்காவைத் தூக்கிடலாம்.”

‘சட்டவிரோதம்’ என்ற சொல் மாசிலாமணியின் நாக்கு நுனி வரை வந்தது. அதுவும் அவர் பட்டியலில் உள்ள சொல்தான். பதினொரு வருடம். ஆறாயிரத்துச் சொச்சம். காலையில் ‘உயர்த்துக’ என்று அவர் சொல்லும்போதெல்லாம் ஊர் மொத்தமும் ‘கொஞ்சம் தூக்குடா’ என்று எழுந்துகொண்டிருந்திருக்கிறது. அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

“எல்லாருக்கும் தெரியுமா?” என்றார்.

“உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் ஜெயக்கொடி. “நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லல. இப்ப வைக்கறீங்களா?”

“எனக்குக்கூடத் தெரியும்,” என்று முணுமுணுத்தார் புலவர்.

மாசிலாமணி காதுக்குப் பின்னால் அழுத்தினார். அவரோடு சேர்ந்து புலவரின் இணைப்பும் அறுந்தது.

சுரங்கப்பாதையில் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். வேட்டி ஒரு கையில், மூச்சுக்கருவி ஒரு கையில். டீச்சர் வீட்டுக்குள் அவர் நுழைந்தபோது ஜெயக்கொடி கூடத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் ஒரு கட்டு. தலைமுடி முழுக்கச் செம்மண். அவர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டீச்சர் நாகரிகம் கருதி அடுப்படிக்குப் போனார்.

“என்ன சொன்னே அதுகிட்ட?”

“என்னத்த சொன்னேன். ‘டேய், டீச்சர் வீட்டுக்குக் கீழ, ரைட் சைடுல, ரெண்டு ஆள் தள்ளிக் கிடக்கேன்டா, மெதுவா வாடா’ன்னேன்.”

“அது என்ன சொன்னது?”

“‘ஓகே அக்கா’ன்னுச்சு.”

அவர் சிரித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாகிவிட்டது. “எனக்கு நீ இருந்தால் போதும், ஜெயா. சொல் எல்லாம் நாசமாய்ப் போகட்டும்,” என்றார். முழு மனதோடுதான் சொன்னார்.

அந்த மனமாற்றம் நிஜமானது. அதை யாரும் சந்தேகிக்க வேண்டாம். மறு வாரமே மேற்பார்வைக் குழுவைக் கூட்டினார். காஜா மைதீன்மேல் நடவடிக்கை கூடாது என்று முதல் தீர்மானம். இரண்டாவது தீர்மானத்தை எழுந்து நின்று வாசித்தார்: “என் மனைவியின் உயிரைக் காத்த சொல் எதுவோ, அதுவே நல்ல சொல். அது திருட்டுத்தனமாக ஒரு பைக்குள் ஒளிந்து வாழக்கூடாது. ‘சைடு’ என்பதோடு ‘கீழ்’ என்பதைச் சேர்த்து, ‘சைடுகீழ்’ என்ற தலைப்பில், உரிய மரியாதையோடு அதை நற்சொற்பட்டியலில் சேர்க்க முன்மொழிகிறேன்.”

புலவர் வச்சிரவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து வந்து மாசிலாமணியைக் கட்டிக்கொண்டார். “ஏகமனதாக ஆதரிக்கிறேன்,” என்றார். செம்பனிமேட்டு வரலாற்றில் அந்தக் குழு எடுத்த முதல் ஏகமனதான முடிவு அது. எல்லாரும் கைதட்டினார்கள். சொல் பட்டியலில் ஏறியது.

கையெழுத்துப் போடுகிறபோது புலவர் பேனாவை நிறுத்தினார்.

“ஒரு சின்னச் சந்தேகம். சண்டை இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். சைடு திசைச்சொல். அதன் பின்னால் ககரம் வருகிறது. ஒற்று மிகுமா, மிகாதா?”

மாசிலாமணி யோசித்தார். ‘காட்டுக்கோழி’ ஞாபகம் வந்தது. ‘ஆடுகளம்’ ஞாபகம் வந்தது. “நல்ல கேள்வி,” என்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பாசத்தோடு பார்த்துக்கொண்டார்கள். இம்முறை அவசரப்பட்டு மனஸ்தாபம் வேண்டாம், நிதானமாகப் பார்க்கலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் காலை ஜெயக்கொடி முழங்கால் கட்டோடு வேலைக்குக் கிளம்பினாள். டீச்சர் வீட்டு ஏற்றியின் கால் இன்னும் சாய்ந்தபடிதான் இருந்தது. பட்டது போதும் என்று, குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மீட்பானை வரவழைத்தாள். துறை ஆள் யாரும் இணைப்பில் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தன் வீட்டு வாசலிலேயே நின்று சோதித்தாள்.

“டேய், கீழ போறேன், சைடுல. மாட்டிக்கிட்டா வந்துடுவேல்ல?”

மீட்பான் தன் ஆறு கைகளையும் மடக்கிக்கொண்டது.

“சாரி அக்கா,” என்றது. “அந்தச் சொல்லு நேத்துல இருந்து ஆய்வுல இருக்கு. வழக்குப்பைக்குள்ள இருந்தாலும் சைடையும் தொடக்கூடாது, கீழையும் தொடக்கூடாதாம்.”

ஜெயக்கொடி திரும்பி வீட்டுக்குள் வந்தாள். கருவிப்பையைத் தரையில் போட்டாள். மாசிலாமணி காப்பி குடித்துக்கொண்டிருந்தார். எதிரே, ‘சைடு: ஒரு பார்வை’ என்ற தலைப்பில் பன்னிரண்டு பக்கம் முடிந்திருந்தது.

“இப்ப நான் அடியில மாட்டிக்கிட்டா என்னன்னு சொல்லிக் கூப்பிடணும்?”

மாசிலாமணி டம்ளரைக் கீழே வைத்தார். அவள் முழங்கால் கட்டைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

“துணைக்குழு போட்டிருக்கோம் ஜெயா,” என்றார் மெதுவாக. “முடிவு வர்ற வரைக்கும் நீ இறங்காதே.”